கோர்ஸுக்குக் கட்டுகிற காசில் முதல் பத்துப் பார்சலை அனுப்பிப் பாருங்கள்

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிறீர்கள். முன்பள்ளியில் சில வருடம் படிப்பித்திருக்கிறீர்கள். இப்போது இரண்டு பிள்ளைகளோடு வீட்டில். கணவர் கடலுக்குப் போகிறவர், அம்மா கருவாடு போடுவா. ஆன்லைன் வணிகம் கற்றுத்தருகிறோம், ஆறு மாதத்தில் யாரையும் எதிர்பாராமல் வாழலாம் என்று ஒரு வகுப்புக்காரர் 45,000 ரூபா கேட்கிறார். சேரலாமா, லாப்டொப் வாங்க வேண்டுமா, எங்கே தொடங்குவது என்பது உங்கள் கேள்வி.

வகுப்புக்கு இப்போது காசு கட்ட வேண்டாம். இப்படியான வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லித்தருவது பேஸ்புக் பக்கம் திறப்பது, கன்வாவில் போஸ்டர் செய்வது, விளம்பரத்தைப் பூஸ்ட் பண்ணுவது, வாட்ஸ்அப் பிஸ்னஸில் கட்டலொக் போடுவது. இவை எல்லாவற்றையும் யூடியூபில் தமிழிலேயே செய்து காட்டுகிறார்கள். மெட்டா நிறுவனம் தன்னுடைய விளம்பர முறையை புளூபிரிண்ட் என்ற பெயரில் இலவசமாகவே படிப்பிக்கிறது. கூகுளுக்கு ஸ்கில்ஷொப் இருக்கிறது. இணையத்தளம் கட்டும் வேலையே உங்களுக்குப் பிடித்துவிட்டால் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இலவசமாக நடத்தும் இணையவழிப் பாடங்கள் உண்டு. அவை ஆங்கிலத்தில்தான், ஆனால் சான்றிதழும் தருகிறார்கள். உங்கள் அம்மாவின் கருவாட்டை யார், என்ன விலைக்கு வாங்குவார், வாங்கியவர் மறுபடியும் கேட்பாரா என்பதை மட்டும் எந்த வகுப்பாலும் சொல்ல முடியாது. அதை விற்றுத்தான் பார்க்க வேண்டும். 45,000 ரூபா இருந்தால் விற்றுப் பார்க்கவே தாராளமாகப் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேர்ந்த பிறகு இன்னும் மூன்று பேரைச் சேர்த்தால் உங்களுக்கும் கொமிஷன் என்று அந்த வகுப்புக்காரர் சொன்னால், அது வகுப்பே இல்லை. இலங்கையின் வங்கித்தொழில் சட்டம் பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கிறது. நடத்துகிறவர் மட்டும் அல்ல, விளம்பரம் செய்கிறவரும் ஆட்களை இழுத்துவிடுகிறவரும் குற்றவாளிதான். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி தன் இணையத்தளத்திலேயே போடுகிறது. திருகோணமலையில் இந்தக் கூத்து வெளியாட்கள் வந்து செய்வதாக நினைக்காதீர்கள். சொந்தக்காரர், பழைய வாத்தியார், கோயிலில் தெரிந்த அக்கா என்று முகம் தெரிந்தவர்கள்தான் முதலில் வருவார்கள். அதனால்தான் மறுக்கக் கஷ்டமாக இருக்கும். மறுத்துவிடுங்கள்.

சரி, யாரையும் எதிர்பாராமல் வாழ்வது என்றால் எவ்வளவு? இதை முதலில் ஒரு கொப்பியில் எழுதுங்கள். சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், பிள்ளைகளின் ரியூஷன், பஸ், மருந்து, போன் டேட்டா, கட்டும் சீட்டு. கணவர் கடலுக்குப் போகாத மாதங்களில் வீடு ஓட எவ்வளவு தேவை என்று பாருங்கள். உங்கள் வீட்டுக்கு 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இனி எந்த வியாபார யோசனை வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு ஓடரில் கையில் மிஞ்சுவது எவ்வளவு, அந்த 60,000 சேர எத்தனை ஓடர் வேண்டும்? ஆன்லைன் வியாபாரத்தில் விழுந்த பல பேர் லைக்கை எண்ணினார்கள், இந்தக் கணக்கைப் போடவில்லை.

கருவாட்டிலேயே போட்டுக் காட்டுகிறேன். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள். அரைக் கிலோ கீரிக் கருவாட்டுப் பக்கெட் ஒன்று, பச்சை மீன், உப்பு எல்லாம் சேர்த்து உங்களுக்கு 650 ரூபா முடிகிறது. உறை, லேபிள், பெட்டி 90. பேஸ்புக் விளம்பரச் செலவை வந்த ஓடர்களால் பிரித்தால் ஓடருக்கு 150. விற்பது 1,200க்கு, கூரியர் 400 ரூபாவை வாங்குகிறவர் தருகிறார். கையில் மிஞ்சுவது 310 ரூபா. பத்துப் பார்சல் போனால் 3,100. நல்லதுதானே என்று தோன்றும்.

இப்போது ஒரு பார்சல் திரும்பி வருகிறது. நம் நாட்டில் ஆன்லைன் வியாபாரம் பெரும்பாலும் சி.ஓ.டி., அதாவது பார்சல் வாசலுக்கு வந்த பிறகு காசு. ஓடர் பண்ணினவர் வேலைக்குப் போயிருப்பார், கூரியர் தம்பியின் கோலை எடுக்கமாட்டார், அல்லது அந்த நேரம் கையில் காசு இருக்காது. பார்சல் திரும்பினால் விளம்பரம் 150, உறை 90, கூரியர் 400 எல்லாம் உங்கள் தலையில். ஆறேழு நாள் லொறியிலும் குடோனிலும் சூட்டில் கிடந்த கருவாட்டை இன்னொருவருக்கு விற்க உங்களுக்கே மனம் வராது. அந்த 650உம் போயிற்று. ஆக ஒரு திரும்பலுக்கு 1,290 ரூபா நட்டம். பத்தில் ஒன்று திரும்பினால் மிச்சம் 3,100இல் இருந்து 1,500க்கு இறங்கிவிடும். இரண்டு திரும்பினால்? எட்டுப் பார்சலின் இலாபம் 2,480, இரண்டின் நட்டம் 2,580. மீன் வாங்கி, கழுவி, காயவைத்து, பொதி கட்டி, கூரியர் கடைக்கு நடந்து கடைசியில் நூறு ரூபா நட்டம்.

இதற்கு வழி உண்டு. ஒரே ஆளுக்கு ஒரே கூரியரில் கூடுதலாக அனுப்புவதுதான் முதல் வழி. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு கிலோ கருவாடு என்று விளம்பரம் போட்டால், உறையும் பெட்டியும் சேர்ந்து தராசில் 1.1 கிலோ காட்டும். கூரியர்காரர் இரண்டாம் கிலோவுக்கும் சேர்த்துப் பில் போடுவார். ஆகவே 450 கிராம் பக்கெட் செய்யுங்கள். இரண்டு பக்கெட் சேர்ந்த 900 கிராம்தான் குறைந்த ஓடர். 2,150 ரூபாவுக்கு விற்றால், சரக்கு 1,170, உறை 110, விளம்பரம் 150 போக 720 மிஞ்சும். பத்தில் ஒன்று திரும்பினாலும் 4,650 கையில் நிற்கும். அப்புறம், கூரியர் காசு 400ஐ மட்டும் முன்னுக்கு வங்கியில் போடச் சொல்லுங்கள், மிச்சத்தை வாசலில் கொடுக்கட்டும். நானூறு ரூபா போட்டவர் போனை எடுப்பார். முதலில் கொஞ்சப் பேர் முகம் சுளித்துப் போய்விடுவார்கள்தான். போகட்டும், திரும்பி வரவிருந்த பார்சல்களில் பாதி அவர்களுடையது.

அனுப்புவதற்கு முதல் நாள் ஒரு கோல் எடுங்கள். கதைப்பது சிங்களத்தில் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் வாடிக்கையாளர்கள் திருகோணமலையில் இல்லை. இங்கே மத்திய வீதிச் சந்தைக்குப் போனால் கருவாடு கிடைக்கும். கொழும்பு, கண்டி, குருணாகல் பக்கம் 'திரிகுணாமலே கரவல' என்றால் ஒரு மதிப்பு இருக்கிறது. கொழும்பில் வெள்ளவத்தைத் தமிழ்ச் சனத்தை மட்டும் நம்பினால் சந்தை சின்னது. மூன்று இனமும் கலந்து வாழும் ஊரில் பிறந்து, கடைத்தெருச் சிங்களமாவது நமக்கு வாயில் வரும். அதை ஆன்லைனில் பயன்படுத்துகிற தமிழர் குறைவு என்பது என் ஆதங்கம். படத்துக்குக் கீழே தமிழில் இரண்டு வரி, சிங்களத்தில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத்துப் பிழை பார்க்கச் சிங்களம் படித்த ஒரு பிள்ளையைக் கேளுங்கள்.

பொதி கட்டுவதில்தான் பெயர் எடுப்பதும் கெடுப்பதும். ஈரம் மிஞ்சிய கருவாடு பிளாஸ்டிக் உறைக்குள் வியர்க்கும்; மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். வெக்கியூம் உறையில் போடுவதாக இருந்தால் செட்டையையும் வால் முள்ளையும் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றை இழுக்கும்போதே உறை குத்துப்படும், மணம் பெட்டியைத் தாண்டும், கூரியர்காரர் அடுத்த முறை வாங்கமாட்டார். கடற்கரை மணலில் பாயைப் போட்டுக் காயவைத்த கருவாட்டை ஆன்லைனில் விற்கவே கூடாது. பல்லில் மண் கடிபட்ட ஒருவர் எழுதும் ஒரு கொமெண்ட், நீங்கள் போட்ட நூறு படத்தைச் சாப்பிட்டுவிடும். கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் வலை கட்டி அதன்மேல் காயவையுங்கள். அம்மா முறுமுறுப்பா. அந்த வலையை ஒரு படம் எடுத்துப் போடுங்கள், அதுவே உங்கள் நல்ல விளம்பரம்.

மாதம் 60,000 என்ற கணக்குக்குத் திரும்புவோம். பத்தில் ஒன்று திரும்பும் என்று வைத்தால் மாதம் 130 பார்சல் அளவில் போக வேண்டும். அது 117 கிலோ கருவாடு. மீனைப் பொறுத்து மாறும் என்றாலும், ஒரு கிலோ கருவாட்டுக்கு மூன்று கிலோ பச்சை மீன் என்று வைத்தால் மாதம் 350 கிலோ மீன். அம்மா ஒருத்தியின் கையால் இது முடியாது. அந்த அளவுக்குப் போகும்போது நீங்கள் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் வாங்கித் தரம் பார்த்து விற்கும் வியாபாரி ஆகிறீர்கள். அது வேறு வேலை. வாங்க முதற்பணம் வேண்டும், ஒருவருடைய கருவாட்டைத் திருப்பிக் கொடுக்கும் வாய்த் தைரியமும் வேண்டும். கூரியர் நிறுவனம் வாசலில் வாங்கிய காசை அன்றே தருவதும் இல்லை, சில நாள் பிந்தித்தான் உங்கள் கணக்குக்கு வரும். அதுவரை அடுத்த மீனுக்குக் காசு எங்கே இருந்து வரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கடல் விஷயம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்மேல் காற்று வீசும் கச்சான் காலத்தில் மீனும் வெயிலும் இருக்கும். நவம்பரில் வாடை தொடங்கினால் கடலும் குழம்பும், கருவாடும் காயாது. ஜனவரி தாண்டும்வரை அந்தப் பாடுதான். வெள்ளைக்காரரை நம்பி நிலாவெளியிலும் உப்புவெளியிலும் நடக்கும் தொழில்களுக்கும் இதே காலக்கணக்கு. மே முதல் செப்டம்பர் வரை ஆள் நிற்க இடமில்லை, மார்கழியில் நாய்தான் படுத்திருக்கும். ஆகவே இந்த ஊரில் ஒரே ஒரு ஆன்லைன் தொழிலை நம்பி வருடம் முழுக்க வாழலாம் என்று கணக்குப் போடக் கூடாது. வாடைக்கும் கச்சானுக்கும் தனித்தனியாக ஒன்று வேண்டும்.

உங்களிடம் அந்த இரண்டாவது இருக்கிறது. கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்: முன்பள்ளியில் படிப்பித்த அனுபவம். எனக்கு விட்டால் கருவாட்டுக்கு முதல் இதைத்தான் தொடங்கச் சொல்லுவேன்.

ஸ்காபரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் நம் ஆட்களின் பேரப்பிள்ளைகள் வளர்கிறார்கள். தமிழ் கதைத்தால் விளங்கும், திருப்பிச் சொல்ல வராது, எழுதத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லா ஊரிலும் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் ஐந்து வயதுப் பிள்ளையை இருபது பேரோடு வைத்து அ, ஆ பழக்குவது கஷ்டம். நாலு பிள்ளைகளைச் சூமில் சேர்த்து, பாட்டும் கதையும் ஆத்திசூடியுமாகப் படிப்பிக்கிற, பிள்ளையோடு பிள்ளையாகக் கதைக்கத் தெரிந்த ஒரு ரீச்சரைத்தான் அந்தத் தாய்மார் தேடுகிறார்கள். முன்பள்ளி ரீச்சருக்கு அந்தக் கைப்பழக்கம் ஏற்கெனவே உண்டு, பெரிய பட்டதாரிகளுக்கு அது வராது.

நேரத்தையும் பாருங்கள். கோடைகாலத்தில் ரொறொன்ரோவில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குப் பின்னேரம் ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. லண்டனில் பின்னேரம் ஐந்து மணி நமக்குக் கோடையில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. லண்டன் பிள்ளைகளை வார இறுதியில் மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பிள்ளைகளை யார் படுக்க வைப்பது? ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்புக்கு 5 கனேடிய டொலர் என்று வைப்போம். அங்கே இது ஒரு கோப்பியும் டோனட்டும். நாலு பிள்ளை, கிழமைக்கு இரண்டு வகுப்பு, மாதம் 160 டொலர். டொலர் 200 ரூபா என்று குறைத்துப் போட்டாலும் 32,000. கூரியர் இல்லை, திரும்பி வருவது இல்லை, மழை பெய்தால் கெடுவதும் இல்லை. இரண்டு குழு சேர்ந்தால் உங்கள் 60,000 தாண்டிவிடும். மழைக்காலத்தில் கரண்ட் போகும், அது ஒன்றுதான் தொல்லை. போனில் டேட்டாவும் முழுச் சார்ஜும் வைத்திருங்கள்.

முதல் நாலு பிள்ளைகளை விளம்பரம் போட்டுத் தேட வேண்டாம். உங்கள் குடும்பத்தில் வெளிநாட்டில் யாருமே இல்லை என்று சொல்லாதீர்கள், திருகோணமலையில் அப்படி ஒரு வீட்டை நான் காணவில்லை. அந்த மச்சாளுக்கோ மாமிக்கோ ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். முதல் வகுப்பு இலவசம், பிடித்தால் மாதக் காசு முன்னுக்கு. சொந்தக்காரர் பிள்ளைதானே என்று காசு வாங்காமல் விட்டால் மூன்றாம் கிழமை அந்தப் பிள்ளை வராது. காசு கட்டினால்தான் தாய் பிள்ளையை இழுத்துவந்து கமராவுக்கு முன்னால் இருத்துவா. வகுப்பு நடக்கும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும் என்பதை நீங்களே நிபந்தனையாகப் போடுங்கள். பிள்ளைகளின் படத்தையோ வீடியோவையோ தாய் தகப்பனைக் கேட்காமல் உங்கள் பக்கத்தில் போடாதீர்கள்.

வெளிநாட்டுக் காசு எப்படி வரும் என்பதுதான் இலங்கையில் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர். எதையும் தொடங்கும் முன் இதை முடித்துவிட வேண்டும். பேபால் பல வருடமாக நம் கணக்குகளில் காசு கட்ட மட்டும் விட்டது, வாங்க விடவில்லை. இணையத்தில் கார்டுக் காசு வாங்கித்தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் இலங்கையில் நேரடியாகக் கணக்குத் திறக்க விடுவதில்லை. அமெரிக்க வீடியோக்களில் சொல்லித்தரும் பாதி விஷயம் இந்த இடத்திலேயே நின்றுவிடும். உங்கள் வகுப்புக்கு இந்தப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. தெரிந்த பெற்றோர் வைஸ் போன்ற செயலியாலோ வங்கி மூலமோ உங்கள் கணக்குக்கே அனுப்பிவிடுவார்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்கும், பைவர் மாதிரிச் சின்னச் சின்ன வேலைகளை இணையத்தில் எடுத்துத் தரும் தளங்கள் வழியாகவும் வேலை செய்கிறவர்கள், வெளிநாட்டுக் காசு வாங்கப் பயோனியர் கணக்கு வைத்திருக்கிறார்கள். உள்ளூரில் விற்க வங்கிப் பரிமாற்றம், சி.ஓ.டி. இரண்டும் போதும், கார்டால் கட்டக் கேட்கிறவர்கள் கூடினால் பேஹியர் போன்ற உள்ளூர்க் கட்டண வழியில் ஒரு லிங்க் அனுப்பலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: யாராவது காசு போட்டேன் என்று ஸ்லிப்பின் படத்தை அனுப்பினால், உங்கள் வங்கிச் செயலியில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகுதான் பார்சல் கட்ட வேண்டும். போலி ஸ்லிப் செய்ய இரண்டு நிமிஷம் போதும்.

கருவாட்டை வெளிநாட்டுக்கே அனுப்பலாமே என்று ஒரு அண்ணா கட்டாயம் சொல்லுவார். வியாபாரமாக ஐரோப்பாவுக்கு மீன் பொருள் அனுப்ப அங்கீகாரம் பெற்ற நிலையமும் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். வீட்டு முற்றத்துக்குச் சரிவராது. ஆனால் கனடாவில் இருக்கும் மகள் காசு கட்டி, வெள்ளவத்தையில் இருக்கும் அம்மாவுக்குக் கருவாட்டுப் பெட்டி போய்ச் சேருவது நடக்கக்கூடியது. உங்கள் தமிழ் வகுப்புத் தாய்மாரிடமே இதைச் சொல்லலாம். தீபாவளி, பொங்கல், சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு கிழமை முன்னதாகச் சொன்னால் கேட்பார்கள்.

பேப்பர் வேலைகள் பயப்படும் அளவுக்கு இல்லை. உங்கள் பகுதிக்குரிய 'பட்டினமும் சூழலும்' பிரதேச செயலகத்தில் வணிகப் பெயர்ப் பதிவைப் பற்றிக் கேளுங்கள். கிராம சேவகரின் கடிதத்தோடு போனால் அலைச்சல் குறையும். அந்தப் பதிவு இருந்தால் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், கூரியர் நிறுவனங்களும் ஒழுங்கான விலைக்கு ஒப்பந்தம் தருவார்கள். அதே கட்டடத்தில் சிறுதொழில் முயற்சிகளுக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பொதி கட்டுதல், லேபிள் பற்றிய இலவசப் பயிற்சி வந்தால் பெயரைப் போடச் சொல்லி வையுங்கள். சாப்பாட்டுப் பொருள் என்பதால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தொடக்கத்திலேயே கூப்பிட்டு இடத்தைக் காட்டிவிடுங்கள். முறைப்பாடு வந்து அவர் வருவதைவிட நீங்கள் கூப்பிட்டு வருவது நல்லது. லேபிளில் பெயர், நிகர எடை, செய்த திகதி, முடியும் திகதி, விலை, உங்கள் விலாசம் கட்டாயம் இருக்க வேண்டும்.

வரிக்குப் பயந்து பலர் பதிவே செய்யாமல் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் இருந்து ஒருவரின் வருட வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வருமான வரி இல்லை. மாதக் கணக்கில் 150,000. அதைத் தாண்டினால் பார்க்கலாம், அது சந்தோஷமான பிரச்சினை. வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையின் காசு வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக இலங்கைக்கு வந்தால், அதற்கு முன்பு வரிவிலக்கு இருந்தது. அதே 2025 ஏப்ரலில் இருந்து அதற்கும் வரி உண்டு, ஆனால் 15 வீதத்துக்கு மேல் போகாது. வரி இலக்கம், அதாவது டின் நம்பர், எடுத்து வையுங்கள். வருகிற ஒவ்வொரு தொகையையும் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள்.

முதலுக்கு நுண்கடன் எடுக்க வேண்டாம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடனுக்கு, பத்து நாள் பிந்தி வரும் கூரியர் காசு ஒருநாளும் ஈடுகொடுக்காது. நகை அடகும் அப்படித்தான். வகுப்புக்கென்று ஒதுக்கிய 45,000 இருக்கிறதே, அதில் 15,000க்கு மீனும் உறையும் தராசும், 5,000க்கு விளம்பரம். மிச்சம் தொடாமல் இருக்கட்டும். விளம்பரத்தை ஒரு நாளைக்கு 500 ரூபாவுக்கு மேல் போடாதீர்கள்; மூன்று நாளில் ஒருவரும் விலை கேட்கவில்லை என்றால் படத்தை மாற்றுங்கள், காசைக் கூட்டாதீர்கள். பேஸ்புக்குக்கு வெட்டுப்படும் கார்டைக் குடும்பச் செலவுக் கணக்கோடு இணைக்காமல், சின்னத் தொகை மட்டும் கிடக்கும் தனிக் கணக்கோடு இணையுங்கள்.

மற்ற யோசனைகளைப் பற்றிச் சுருக்கமாக. யூடியூபில் விளம்பரக் காசு வர ஆயிரம் சந்தாதாரரும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் கூகுள் ஒரு இரகசிய இலக்கத்தைக் கடிதத்தில் அனுப்பும். தபால்காரர் கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டும், விலாசம் பிழை என்றால் இன்னும் இழுபடும். 100 டொலர் சேர்ந்த பிறகுதான் காசு. வருமானம் என்று அதை நம்பாமல், கருவாடு காயும் வீடியோவையும் பிள்ளைப் பாட்டையும் விளம்பரமாகப் போடுங்கள். காசு வந்தால் வரட்டும். பைவரில் தளம் 20 வீதம் எடுத்துக்கொள்ளும். டைப்பிங், லோகோ போன்ற வேலைகளில் உலகமே போட்டிக்கு நிற்கிறது. சீனாவில் இருந்து பொருளை நேரே வாடிக்கையாளருக்கு அனுப்பும் டிரொப்ஷிப்பிங் இங்கிருந்து செய்யக் காசு வாங்கும் வழியே தடை, சுங்கமும் தாமதமும் வேறு. நாணயச் சந்தை ட்ரேடிங், கிரிப்டோ என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். அது வியாபாரமே இல்லை, மத்திய வங்கியும் பலமுறை எச்சரித்துவிட்டது. தராஸ் (Daraz) என்ற இணையச் சந்தையில் விற்பனையாளர் கணக்கு, சொந்த இணையத்தளம் எல்லாம் பிறகு பார்க்கலாம். நூறு பேர் உங்களிடம் இரண்டாம் தரம் வாங்கிய பிறகு ஒரு தளம் செய்தால் அதற்கு அர்த்தம் இருக்கும்.

எந்த ஒழுங்கில் கற்பது என்று கேட்டால்: இந்தக் கிழமை போனில் படம் எடுக்கப் பழகுங்கள். காலை வெயிலில், வெள்ளைப் பின்னணி இல்லாமல், வலையின் மேலேயே எடுங்கள். அடுத்தது வாட்ஸ்அப் பிஸ்னஸ். கட்டலொக்கில் இரண்டே பொருள். அதற்குப் பிறகு எக்செல் அல்லது கூகுள் சீட்ஸில் கூட்டல் கழித்தல், இதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். விளம்பரம் போடும் வித்தை கடைசியில். ஓடர் வரத் தொடங்கின பிறகு ஒரு குறிப்பிட்ட இடத்தில் தடங்கினால், உதாரணமாக விளம்பரத்தில் யாருக்குக் காட்டுவது என்று பிடிபடவில்லை என்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு சின்ன வகுப்புக்குக் காசு கட்டலாம். அப்போதும் அந்த வகுப்புக்காரர் வகுப்பைத் தவிர வேறு எதை விற்று உழைக்கிறார் என்று கேளுங்கள். பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

லாப்டொப் இப்போது வேண்டாம். உங்கள் போனில் சூம் ஓடும், கட்டலொக் ஓடும், கணக்கும் ஓடும். வகுப்புக்கு ஒரு போன் ஸ்ராண்டும் மைக் உள்ள இயர்போனும் வாங்குங்கள். பின்னால் ஒரு சின்னக் கரும்பலகையைச் சாத்தி வையுங்கள். பிள்ளைகளுக்குத் திரையில் எழுத்து வருவதைவிடச் சோக்கால் எழுதிக் காட்டுவதுதான் பிடிக்கும். இரண்டு குழு சேர்ந்து, பிள்ளைகளின் முகம் போன் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியத் தொடங்கினால், அந்த மாத வகுப்புக் காசில் பாவித்த லாப்டொப் ஒன்றைப் பாருங்கள்.